ஆயுத பூசையன்று திறக்காத அலமாரி

உளியும் சுத்தியலும் வைக்க அலமாரி செய்கிறவன், வேலை முழுக்க முடிகிறவரை ஓர் உளியையாவது வெளியே வைத்திருக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயம் எனக்கு, பெண் கொடுக்க வந்தவர் முன்னால், பட்டறை நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் தெரிந்தது.

அறுபதுகளில் தாராவியில் ஓர் அண்ணாச்சியின் மரப் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் அண்ணாச்சியின் குடித்தனம், நடுவே ஒரு சாக்குத் திரை. மரத்தூள் அந்தப் பக்கம் போகும், தாளிக்கிற வாசம் இந்தப் பக்கம் வரும். இரண்டு பக்கமும் திருநெல்வேலிக்காரர்கள் என்பதால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

அந்த வருஷம் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒரு பெண்ணை எனக்குப் பேசினார்கள். பெண்ணின் அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். ஜாதகம் கேட்கவில்லை, சம்பளம்கூடக் கேட்கவில்லை. அண்ணாச்சியிடம் ஒன்றுதான் சொன்னாராம்.

"ஆயுத பூசைக்கு நாங்க குடும்பத்தோட வாறோம். பையன் ஆயுதத்த எப்படி வச்சிருக்கான்னு பாக்கணும். எனக்கு அது போதும்."

பெண் பெயர் பேச்சியம்மாள். சயானில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பாயசம் ஊற்றியவள். "இன்னும் வேணுமா?" என்று கேட்டாள். நான் பெரிய மனுஷன் மாதிரி வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து வருத்தப்பட்டேன். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். (யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற தைரியம் இருந்திருந்தால் பாயசமே கேட்டு வாங்கியிருப்பேனே.)

என் ஆயுதங்கள் அப்போது ஒரு கோணிப்பைக்குள் கிடந்தன. கோணிப்பையைக் காட்டிப் பெண் கேட்க முடியுமா? அலமாரி செய்யத் தீர்மானித்தேன். புது மரத்துக்கு வழியில்லை. துறைமுகத்தில் சரக்கு இறக்கி உடைத்துப் போட்ட பெட்டிப் பலகைகளும், இடித்த வீடு ஒன்றின் தேக்குக் கதவும் கிடைத்தன. கதவை இரண்டாக அறுத்து அலமாரிக்கு இரட்டைக் கதவு போட்டேன். பலகை ஒன்றில் கறுப்பு மையில் அம்புக்குறியும் இங்கிலீஷ் எழுத்தும் இருந்தன. அம்பு அழகாக இருந்ததால் வெளியே தெரிகிற மாதிரி வைத்தேன். 'இந்தப் பக்கம் மேலே' என்று அதற்கு அர்த்தம் என்பதை யாரோ படித்துச் சொன்னபோது, அம்பு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதை மறைக்கத்தான் வார்னிஷ். அப்புறம் ஆணித் துளைகளை மறைக்க இன்னும் கொஞ்சம் வார்னிஷ். பழைய கதவின் வெடிப்புகளை மறைக்க மேலும் கொஞ்சம். பூசைக்கு முந்தின நாள் சாயங்காலம் கடைசிப் பூச்சு முடிந்தது. காய்வதற்குள் எனக்கு ஒரு யோசனை வந்தது. கோயிலில் தீபாராதனைக்குத் திரை விலகுமே, அதுபோல என் வருங்கால மாமா, அதாவது பெண்ணின் அப்பா, வந்து நிற்கும்போது கதவு இரண்டும் பட்டென்று திறக்க, உள்ளே ஆயுதங்கள் ஜொலிக்க வேண்டும். இருந்த ஆயுதம் அத்தனைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாகத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினேன். அண்ணாச்சியின் ஆயுதங்களையும் சேர்த்து.

மறுநாள் காலையிலேயே பெண் வீட்டார் எல்லோரும் வந்தார்கள். பெண்கள் சாக்குத் திரைக்குப் பின்னால் அடுப்படிக்குப் போக, மாமா அலமாரிக்கு எதிரில் நின்றார்.

"தொறலே, நல்ல நேரம் போவுது" என்றார் அண்ணாச்சி.

இரண்டு கைப்பிடிகளையும் பிடித்து இழுத்தேன். கதவு வரவில்லை. பலமாக இழுத்தேன். கைப்பிடிகள் மட்டும் கையோடு வந்தன. நான் பின்னால் போய்ப் பொரித் தாம்பாளத்தில் உட்கார்ந்தேன்.

வார்னிஷ் இரண்டு கதவையும் ஒன்றாக ஒட்டிவிட்டது. நெம்பித் திறக்க ஓர் உளி போதும். உளி உள்ளே இருந்தது. அக்கம்பக்கத்தில் இரவல் கேட்க ஓடினேன். பூசை நாளில் யார் தருவார்கள்? தகரக் கடைக்காரர், "ஆஜ் ஹாத் நை லகானேகா" (இன்றைக்குக் கை வைக்கக் கூடாது) என்று என்னையும் சேர்த்துக் கும்பிட்டு அனுப்பினார். சலூனில் சவரக் கத்திகள் பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருந்தன. சைக்கிள் கடையில் காற்றடிக்கிற பம்பு மாலையோடு நின்றது. தாராவியில் அன்றைக்கு ஓய்வில்லாத ஒரே ஆள் நான்தான் என்று நினைத்தேன்.

வெறுங்கையோடு திரும்பினபோது மாமா கேட்டார்: "ஏம்ப்பா, உள்ள நெசமாவே ஆயுதம் இருக்கா?"

பெண் கைநழுவிப் போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

அப்போது சாக்குத் திரை விலகியது. பேச்சி வந்தாள். கையில் அடுப்பிலிருந்து எடுத்த தோசைத் திருப்பி, சூடாக.

"ஏட்டி, இன்னைக்கு இரும்பத் தொட்டு வேலை செய்யக் கூடாதுன்னு தெரியாதா?" என்று மாமா அதட்டினார்.

"அப்பொ காலையில நீங்க தின்ன தோசைய எதால திருப்புனாங்களாம்?"

"அது... அது ஆயுதமாட்டி?"

"இல்லன்னா, எடுத்தா தப்பில்ல. ஆயுதந்தான்னா, அதுக்கு லீவு எங்க?"

திரைக்குப் பின்னால் வடை பொரிந்துகொண்டிருந்தது. தெருத் தெருவாக ஓடி எல்லா ஆயுதமும் ஓய்வெடுப்பதைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். நாலடி தள்ளி நாலு பெண்கள் காலையிலிருந்து அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது என் கண்ணில் படவே இல்லை. பொரியில் விழுந்ததைவிட அது எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் திருப்பியை என்னிடம் நீட்டினாள். "ஓரத்துலேர்ந்து மெதுவா விடுங்க. நடுவுல குத்துனா பிஞ்சிரும்."

தோசை எடுக்கிற மாதிரியே எடுத்தேன். சூட்டில் வார்னிஷ் இளகி, கதவு பிரிந்தது. மாமா ஓர் உளியை எடுத்துக் கட்டைவிரலால் பதம் பார்த்தார். இழைப்புளியைத் திருப்பிப் பார்த்தார்.

"ஆயுதம் நல்லாத்தான் வச்சிருக்கான். பெட்டி செய்யச் சொல்லித்தான் யாரும் கேட்டுறக் கூடாது" என்றவர், முதல் தடவையாக மகளைப் பார்த்து, "நீ என்னட்டி சொல்லுத?" என்று கேட்டார்.

"சொன்னாக் கேட்டுக்கிடுதாவ. சரிதான்" என்றாள் பேச்சி.

தை மாதம் கல்யாணம். இப்போது செம்பூரில் எங்கள் வீட்டில், ஆயுத பூசையன்று அந்த அலமாரியின் மேல்தட்டில் தோசைத் திருப்பியும் அரிவாள்மணையும் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு அடுப்பு கிடையாது. மாட்டுங்கா ஓட்டலிலிருந்து சாப்பாடு வாங்கி வருவது என் பொறுப்பு.

வருஷத்துக்கு ஒரு நாள்தான் என்று ஒப்புக்கொண்டிருந்தேன். பேச்சி அப்படி ஒப்புக்கொள்ளவில்லை போலிருக்கிறது. எந்த மாதம், எந்தக் கிழமை ஆனாலும், நான் பசியோடு சமையலறையை எட்டிப் பார்க்கும்போது அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், "இன்னைக்கு அலமாரி ஒட்டிக்கிச்சு" என்பாள். பேரப்பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தூக்குச் சட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுப்பார்கள். நான் சட்டையை மாட்டிக்கொள்வேன்.