ஒழுகல் ஓர் ஆவணம்

1983-ம் ஆண்டு நாயுடுபுரத்தில் ஒரு வீடு ஒழுகியது. மலையில் மழை பெய்வதும் வீடு ஒழுகுவதும் சர்க்காருக்குத் தெரியாமலே நடந்துவந்த காலம் அது. பள்ளி விடுதியில் சமையல் வேலை பார்த்த கந்தம்மாள்தான் மனுப் போட்டுத் தெரியப்படுத்தினார்.

வீடு கட்டும்போது அவர் கேட்டது இரண்டு அறையும் ஒரு கூரையும். காண்ட்ராக்டர் சேனாதிபதி கேட்காத புகைபோக்கி ஒன்றையும் சேர்த்துக் கட்டினார். அதற்குக் கீழே அடுப்பு கிடையாது. "இப்பல்லாம் புகைபோக்கி இல்லாத வீட்டை எவன் மதிக்கிறான்?" என்பது அவர் கட்சி. அந்த நாகரிகத்தைச் சுற்றித்தான் தண்ணீர் இறங்கியது. கந்தம்மாளின் மகள் அன்னக்கொடி பிரசவத்துக்கு வந்து படுக்க வேண்டிய அறை அது.

கட்டடத் தகராறு தீர்வு அலுவலகம் பதில் அனுப்பியது: 'ஸ்தல ஆய்வு முடியும்வரை மேற்படி ஒழுகல் அரசு ஆவணமாகக் கருதப்படும். அதை அடைப்பதோ, குறைப்பதோ, வேறிடத்துக்கு மாற்றுவதோ கூடாது.'

ஆய்வு சித்திரையில்தான். அதற்கு முன்னால் அதிகாரிகளுக்கு மலைக்குளிர் ஆகாதாம். குழந்தையோ உத்தரவைப் படிக்காமல் ஐப்பசி மழையிலேயே பிறந்துவிட்டது.

கந்தம்மாள் சேனாதிபதி வீட்டு வாசலில் போய் நின்றார். "பச்சப்புள்ள நனையுதுங்க. அடைக்கலேன்னா நாங்க மூணு பேரும் இங்கதான் வந்து படுப்போம்."

"அய்யோ, வேணாந்தாயி! நாளைக்கு வெள்ளனே வந்துர்றேன்."

வந்தார். சிமெண்டு பூசினார். ஒழுகல் நின்றது. தகராறும் தீர்ந்தது என்று இருவரும் நினைத்தார்கள், பாவம்.

சித்திரையில் தீர்வு அலுவலர், ஆய்வுக்கு உதவியாக மைத்துனர் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு வந்தார். நான்கு நாள் ஏரியை ஆய்வு செய்துவிட்டு ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார்.

"எங்கேம்மா ஒழுகல்?"

"அடைச்சாச்சுங்க. நாங்க ராசியாயிட்டோம்."

"யாரைக் கேட்டு ராசியானீங்க? தகராறு என் ஃபைல்ல இருக்கு, ஒழுகலைக் காணோம்! பழையபடி ஒழுக வையுங்க. இல்லேன்னா ஆவணத்தை அழிச்சதா ரெண்டு பேர் மேலயும் கேஸ்."

சேனாதிபதி உளியோடு கூரை ஏறினார். மனுவில் எழுதியிருந்த அளவுப்படி, இரண்டு விரல் அகலத்துக்கு, பிசகாமல் உடைத்தார். தம் தொழிலில் அவர் அளவு மாறாமல் முடித்த வேலை அது ஒன்றுதான்.

சாயங்காலம் மழை பிடித்தது. அலுவலர் அறைக்குள் குடை பிடித்து நின்று பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதினார்: 'தற்போதைய ஒழுகல் அரசு உத்தரவின்பேரில் உண்டாக்கப்பட்டது. ஒப்பந்தக்காரர் பொறுப்பல்ல. வேலை நேர்த்தியாக உள்ளது.'

"அப்ப இதை நாங்க அடைச்சுக்கலாங்களா?" என்றார் கந்தம்மாள்.

"இது அரசாங்க ஒழுகல். நீங்க தொடப்படாது. மேலிடத்துக்கு எழுதுறேன்."

"புள்ள நனையுதே சாமி!"

"தொட்டிலை நகர்த்திக்குங்க. அது உங்க சொந்தச் சொத்து, தடையே இல்ல."

பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு வயிறு எரிந்தது. தெருவே கூடி அலுவலரைக் கிழிகிழியென்று கிழித்தோம், அவர் பஸ் ஏறிய பிறகு. மறுவாரம் என் வீட்டு மாடி வேலையைச் சேனாதிபதியிடம் ஒப்படைத்தேன். எனக்கு முன்னால் பதினோரு பேர் காத்திருந்தார்கள். இந்த மலையில் சர்க்காரே நேர்த்தி என்று எழுதிக் கொடுத்தது அவர் வேலையை மட்டும்தானே!