மாட்டுத் தரகரிடம் பல்லைக் காட்டிய கதை

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். வரப்போகும் மாப்பிள்ளையைப் பார்க்கலாமா கூடாதா என்று எந்தப் பெரியவரும் சொல்லிவைக்கவில்லை. சொல்லியிருந்தால் என் மானம் ஊத்துக்கோட்டையில் கப்பலேறியிருக்காது.

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தேன். ஊத்துக்கோட்டைச் சந்தையில் ஒரு நாள் சரோஜாவைப் பார்த்தேன். முட்டிக்கொண்டு நின்ற இரண்டு காளைகளை ஒரு அதட்டலில் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தாள். கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் என்று அங்கேயே முடிவெடுத்தேன். (நான் முடிவெடுத்தால் மாற்ற மாட்டேன். என் அம்மா இதைப் புத்தி இல்லாமை என்பார்.)

சரோஜாவின் அப்பா முனுசாமி மாட்டுத் தரகர். ஆள் விட்டுப் பெண் கேட்டபோது அவர் போட்டது ஒரே நிபந்தனை: மாப்பிள்ளை குடிக்கக் கூடாது. நம் பக்கம் சாராயக் கடைகளை மறுபடி மூடிவிட்ட காலம் அது. ஆந்திர எல்லை தாண்டி சத்தியவேடு போனால் தாராளமாகக் கிடைக்கும். அவருடைய மூத்த மருமகன் அங்கே போய்ப் போய்த்தான் பெரிய மகள் பிறந்த வீட்டோடு வந்துவிட்டாள். நானோ மோருக்கு மேல் எதையும் தொடாதவன். அந்த விஷயத்தில் எனக்குக் கவலையே இல்லை.

என் கவலை எல்லாம் பல். இடது கீழ்க் கடைவாயில் ஒன்று பூச்சி அரித்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. கிராம்பு வைத்தாயிற்று. அம்மா சொன்னபடி அமாவாசையன்று திருவள்ளூர் கோயில் குளத்தில் வெல்லமும் கரைத்தாயிற்று. (பாதி வெல்லம் குளத்தில் கரைந்தது. மீதி பாதி போகிற வழியிலேயே என் வாயில் கரைந்தது.)

பக்கத்து மெஷின் ரஹீம் ஒரு நாள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"மாட்டுத் தரகர் ஊட்ல பொண்ணு கேக்கப் போற. அந்த ஆளு பல்லப் புடிச்சிப் பாக்காம பேச்சே எடுக்க மாட்டாரு. பூச்சிப் பல்லோட போனின்னா பேஜாரா பூடும்டா."

விளையாட்டுக்குத்தான் சொன்னான். நான் நம்பிவிட்டேன். பெண் பார்க்கும் அன்று காலையில், ராத்திரி ஷிப்ட் முடித்த கையோடு, நேரே சத்தியவேடு பல் டாக்டரிடம் போய் அதைப் பிடுங்கிக்கொண்டு, அங்கிருந்தே ஊத்துக்கோட்டைக்குப் பஸ் ஏறுவது என்று திட்டம். அம்மாவிடம் மூச்சு விடவில்லை. நல்ல காரியத்துக்குப் போகும்போது ரத்தம் சிந்தக் கூடாது என்பார்.

டாக்டர் ஒரு ஊசி போட்டார். குறடு வைத்து இழுத்தார். பல் அசையவில்லை. "வேற நாள் வா பாபு" என்றார். "பொண்ணு பாக்கப் போறேன் சார், இன்னிக்கே எடுங்க" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு இன்னொரு ஊசி போட்டார். பிறகு நாற்காலியில் ஒரு காலை ஊன்றி இழுத்தார். நானும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் இழுத்தேன். கடைசியில் பல் அவர் பக்கம் போனது. விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரையில் எறிவது எங்கள் வழக்கம். அந்தப் பழக்கத்தில் அதைக் கேட்டு வாங்கிக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"ரெண்டு மணி நேரம் பேசாத" என்று பஞ்சை அடைத்து அனுப்பினார்.

ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் முனுசாமியே வரவேற்க நின்றுகொண்டிருந்தார். சத்தியவேடு பஸ்ஸிலிருந்து நான் இறங்குவதைப் பார்த்தார். தூங்காத கண் இரண்டும் செக்கச்செவேல். கால் பின்னியது. வாயோரம் எச்சில் வழிந்தது எனக்கே தெரியவில்லை. போதாக்குறைக்கு மேலெல்லாம் ஸ்பிரிட் வாசனை.

"சத்தியவேட்டுல இருந்தா வரீங்க தம்பி?" என்று கேட்டார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு எனக்குச் சொந்தமாக இல்லை. கொழகொழவென்று ஏதோ சத்தம் வந்தது. அவர் முகம் இருண்டது. வீடு வரைக்கும் எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தார்.

அங்கே அம்மாவும் கன்னியப்பன் மாமாவும் திருவள்ளூரிலிருந்து முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார்கள். சரோஜா காபி கொண்டு வந்தாள். வாயில் ஊற்றிய காபி அப்படியே சட்டையில் இறங்கியது. அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

முனுசாமி எழுந்தார். "காலங்காத்தாலயே ஏத்திக்கினு வந்துக்கிறாரு. ஒரு மருமவன் போதும்மா எனக்கு. கெளம்புங்க."

நான் எழுந்திருக்கவில்லை. தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். (அதையும் குடிகாரன்தான் செய்வான் என்பது அப்போது தோன்றவில்லை.)

"எங்க, ஊதுங்க பாக்கலாம்" என்றார் முகத்தை அருகில் கொண்டுவந்து.

இதோ வந்தது சந்தர்ப்பம் என்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஊதினேன். உதடு குவியவில்லை. பஞ்சு பறந்துபோய் அவர் மீசையில் உட்கார்ந்தது. வெள்ளை வேட்டி முழுக்கச் சிவப்புப் புள்ளி. எனக்கு அழுகை வந்துவிட்டது. பல் போனதற்கு அழாதவன், பெண் போகிறாளே என்று அழுதேன். அழுதுகொண்டே சட்டைப் பையிலிருந்த காகிதத்தைப் பிரித்து, பல்லை எடுத்து வெற்றிலைத் தட்டில் வைத்தேன்.

சரோஜாதான் முதலில் அசைந்தாள். உள்ளே போய் டார்ச் லைட்டோடு வந்து என் எதிரில் நின்றாள். "ஆ காட்டுங்க" என்றாள். காட்டினேன். வெளிச்சம் அடித்து உள்ளே பார்த்தாள்.

"நைனா, குடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பல்லப் புடுங்கிக்கினு நேரா இங்க வந்துக்கிறாரு. இங்க பாரு, குழி."

தரகருக்குக் கை சும்மா இருக்குமா? கட்டைவிரலால் என் தாடையை அழுத்தித் திருப்பி, மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தார்.

"ஒண்ணு போச்சு. மிச்சமெல்லாம் கெட்டியாத்தான் கீது" என்று முணுமுணுத்தார். பிறகு மகளிடம், "இன்னாம்மா சொல்ற?" என்றார்.

"இந்தப் புடிவாதக்காரரு போதும்" என்றாள் சரோஜா.

முனுசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்தார். பழக்கதோஷம், மாமாவின் கையைத் துண்டுக்கடியில் இழுத்து விரலைப் பிடித்தார். சந்தையில் மாட்டுக்கு விலை முடிப்பது அப்படித்தான். மாமா மிரண்டுபோய் அம்மாவைப் பார்த்தார். அம்மா வாயைத் திறப்பதற்குள் சரோஜா சிரித்துவிட்டாள். அந்தப் பல்லைச் சாணியில் உருட்டி அவர்கள் வீட்டு ஓட்டின்மேல் எறிந்ததும் அவள்தான். இன்றைக்கும் நான் எதற்காவது முரண்டு பிடித்தால், "உங்க பல்லு எங்க அப்பன் ஊட்டுக் கூரைல கீது, ஞாபகம் இருக்கட்டும்" என்பாள்.

எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, காபித் தட்டைக் கொண்டு வந்த சரோஜா அதன் பக்கத்திலேயே டார்ச் லைட்டையும் வைத்தாள். நான் வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பையனுக்கு யாரோ கதையைச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். காபியைத் தொடாமல், நேரே என் மனைவியைப் பார்த்து, பெரிதாக வாயைத் திறந்தான்.