உன் அவரைக்கொடியும் கீழ்வீட்டு முழங்காலும்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நான் நலம். நீயும் அத்தானும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அவரைக்கொடி நலமாக இல்லை. மரியாதை இதோடு முடிந்தது, இனி சண்டை.

மாற்றலாகிப் போகும்போது உன் ஆராய்ச்சித் தொட்டிகளை என் பால்கனியில் இறக்கிவிட்டு நீ என்ன சொன்னாய்? "மருந்து மட்டும் அடிச்சிடாதடி. பூச்சி கடிச்சா இலையே ஒரு வாசனை விடும். அந்தப் பூச்சியைத் திங்கிற வண்டு மோப்பம் பிடிச்சுத் தானா வந்துடும். நீ சும்மா இரு, போதும்." சும்மா இருப்பது எனக்குக் கைவந்த கலை என்பதால் தலையாட்டினேன். யாரும் வந்துவிடக் கூடாதென்று அழைப்பு மணியின் ஒயரையே கழற்றி வைத்திருப்பவள் நான். கடிபட்ட மறுகணமே ஊரைக் கூட்டும் ஒரு செடியோடு எனக்கு எப்படி ஒத்துப்போகும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். செடிப்பேன் வந்தது. தளிருக்கு அடியில் மிளகைப் பொடித்துத் தூவினாற்போல் அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சியது, இலை சுருண்டது, மொட்டு உதிர்ந்தது, நான் புத்தகமும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்து உன் வண்டுகளுக்காகக் காத்திருந்தேன். ஒரு வண்டுகூட வரவில்லை, அக்கா. வந்தது கீழ்வீட்டுத் தையல்கார மாமாவின் குரல்தான்.

"ஏம்மா மேல்வீடு! வண்டுப் பண்ணையா வெச்சிருக்கே? வெள்ளைச் சட்டை மேல வந்து வந்து உக்காருது. நான் என்ன பொட்டு வெச்ச துணியா கேட்டேன்னு ஒருத்தர் கோவிச்சுக்கிட்டுப் போறாரு!"

எட்டிப் பார்த்தேன். என் கொடி தொண்டை கிழியக் கூப்பிட்டு வரவழைத்த அத்தனை பொறிவண்டும் அவருடைய ஜன்னல் விளிம்பில் சிவப்புச் சிவப்பாக உலாத்திக்கொண்டிருந்தன. "அது என்னோட வண்டு மாமா!" என்று கத்தினேன். "உன்னோடதுன்னா கூப்பிட்டுக்கோ!" என்றார். அதைத்தானே இந்தக் கொடி இத்தனை நாளாகச் செய்துகொண்டிருக்கிறது!

உனக்கு ஃபோன் செய்தால் நீ சிரிக்கிறாய். "அவர் இன்னும் அந்த முழங்கால் வலிக்கு ஏதாவது தேய்க்கிறாராடி? அந்த வலித் தைலத்து நெடியும் செடி விடற வாசனையில ஒண்ணும் ஒரே சரக்குதான்." தேய்க்கிறார்தான். உனக்கென்ன, சிரிப்பாய். தையல் மெஷினை மிதித்து மிதித்து வீங்கிய ஒரு முழங்காலை, ஒரு படையே கடித்துக் குதறிய மாபெரும் இலை என்று நம்பி அந்த வண்டுகள் அங்கே தவம் கிடக்கின்றன. நிஜமாகவே கடிபடுகிற கொடிக்கு நாதியில்லை. இது என்ன நியாயம்? கேட்டே விடுவதென்று படியிறங்கிப் போனேன். இரண்டு வருஷத்தில் நானாக ஒரு வீட்டுக் கதவைத் தட்டியது இதுதான் முதல் தடவை.

"மாமா, கொஞ்ச நாளைக்குத் தைலம் தேய்க்காம இருக்க முடியுமா?"

அவர் கழுத்து டேப்பை உருவி மெஷின்மேல் வைத்தார். "உன் செடிக்கு வலிச்சா நாலு பேர் ஓடி வரணும், எனக்கு வலிச்சா நான் பல்லைக் கடிச்சுக்கணுமா? நல்லா இருக்கும்மா!"

இவ்வளவு படித்து என்ன பிரயோசனம், வந்த வழியே படியேறினேன். மேலே வந்து ஒரு முடிவெடுத்தேன். பூச்சிமருந்துப் புட்டி வாங்கி மேஜைமேல் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் தொட்டிகளை எடுத்துக்கொண்டு போ, இல்லையென்றால் அடித்துவிடுவேன். கூச்சல் போடும் செடியும் வேண்டாம், செவிட்டு வண்டும் வேண்டாம், என்னைத் தனியாக விட்டால் போதும்.

அத்தானுக்கு வணக்கம். குழந்தைக்கு முத்தம். உன் ஆராய்ச்சிக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

இப்படிக்கு,
உன் தோட்டத்துக்குச் சம்பளமில்லாக் காவல்காரி

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்க இறங்கும்போது கடைசிப் படியில் வழுக்கி முழங்கால் பந்தாக வீங்கிவிட்டது, கடிதம் கையிலேயே நின்றுவிட்டது. சத்தம் போடக் கூடாதென்றுதான் இருந்தேன், எப்படியோ போட்டுவிட்டேன். மாமா நொண்டிக்கொண்டே வந்து தைலத்தைக் கையில் திணித்தார்: "தேய்ச்சுக்கோ. இனிமே பாதி வண்டு உனக்கு." பால்கனியில் காலை நீட்டித் தேய்த்தேன். மறுநாள் ஒரு பொறிவண்டு முழங்கால்மேல் ஏறி, இங்கே தின்ன ஒன்றுமில்லை என்று கண்டு, அப்படியே கொடிக்குத் தாவியது. பின்னாலேயே மற்றவையும். இந்த நாலு நாளில் அவரை புதுத் தளிர் விட்டிருக்கிறது. புட்டியைக் கடையில் திருப்பிக் கொடுக்க மாமாவிடம் தந்துவிட்டேன், தொட்டிகளைத் தொடாதே. நான் யாரையும் கூப்பிடவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வருவாய்? அழைப்பு மணியின் ஒயரை மாட்டிவிட்டேன்.