சீமாட்டியின் முன்பற்கள்

உலகத்தில் முகப்புக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரிந்த இனம்தான். விருந்தாளி வருகிறார் என்று போன் வந்ததும், கூடத்தில் கிடக்கிற துணி, செருப்பு, பழைய பேப்பர், சார்ஜர், உடைந்த குடை அத்தனையையும் இரண்டு கையாலும் வாரிக்கொண்டு போய்ப் படுக்கையறைக்குள் எறிந்து, கதவைச் சாத்தி, அந்தக் கதவின் மேலேயே சாய்ந்து நின்றுகொண்டு, "வாங்க, வாங்க! வீடு ஒரே அலங்கோலமா கிடக்கு, தப்பா நெனைக்காதீங்க" என்று சிரிப்பாரே, அவர்தான். காரில் முன்கண்ணாடியை மட்டும் துடைப்பார். கோட்டுக்குள் போடும் சட்டையில் காலரை மட்டும் இஸ்திரி போடுவார். கேட்டால், "பாக்குற இடம் சுத்தமா இருந்தா போதாதா?" என்பார். போதும்தான். பார்க்காத இடம் வாயைத் திறக்கிற வரைக்கும் போதும்.

இந்த இனத்தில் முதல்தரமான மாதிரி ஒருவர் இருக்கிறார். மரச்சாமான் ஷோரூம் ஒன்றின் மேலாளர். ஊழியர்கள் முகத்துக்கு நேரே "சார்" என்பார்கள், முதுகுக்குப் பின்னால் "பாலிஷ் சார்" என்பார்கள். காலையில் கடை திறந்ததும் மஞ்சள் துணியும் கையுமாகக் கிளம்பி, ஒவ்வொரு அலமாரியின் முகத்தையும் தன் முகம் அதில் தெரிகிற வரைக்கும் துடைத்து, தெரிந்த முகத்தைப் பார்த்து மீசையையும் சரிசெய்துகொள்வார். அதே அலமாரிக்கு முதுகில் என்ன இருக்கிறது? வெறும் ஒட்டுப்பலகை, நாலு ஆணி, யாரோ தச்சர் பென்சிலில் போட்ட கணக்கு. "செவுத்தோட ஒட்டி நிக்கப்போற முதுகுக்கு எதுக்குய்யா பாலிஷ்?" என்பது அவர் சித்தாந்தம். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வாடிக்கையாளர்கூட அலமாரியைத் திருப்பிப் பார்த்ததில்லை. ஒரு மனிதர் கெட்டுப்போக இந்த அனுபவம் போதாதா?

அவருக்கு ஒரே மகள். அவள் வளர்த்த நாய்தான் சீமாட்டி. வெண்ணெய் நிறம், எட்டு வயது, ஈரத் தரையில் கால் வைக்காது. மகளுக்கு வேறு ஊரில் படிப்புக்கு இடம் கிடைத்தது. கிளம்புகிற அன்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, சாப்பாடு, குளிப்பாட்டுறது எல்லாம் அம்மா பாத்துப்பாங்க. நீங்க பல்லை மட்டும் பாத்துக்கோங்க. தினமும் தேய்க்கணும். போன தடவையே பல்லுல காரை பிடிக்க ஆரம்பிச்சிருச்சுன்னு டாக்டர் திட்டுனாங்க."

"பல்லுதானே? எங்கிட்ட விட்டுட்ட இல்ல? இனி அதை மறந்துடு."

"சத்தியமா?"

"சத்தியமா!"

வாக்குத் தவறுகிறவர் இல்லை அவர். மறுநாளே கடைக்குப் போனார். நாய்க்கென்றே செய்த நீளக் கைப்பிடி பிரஷ், விரலில் மாட்டுகிற ரப்பர் பிரஷ், கோழிக்கறி வாசம் வீசும் பற்பசை, மெல்லுவதற்குக் குச்சி, தண்ணீரில் கலக்கச் சொட்டு மருந்து என்று ஒரு படையையே வாங்கி வந்து, கூடத்துக் கண்ணாடி அலமாரியில், அவருக்கு முன்பொருநாள் கடையில் கொடுத்த கேடயத்துக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்தார். வருகிறவர்கள் கண்ணில் படாமல் போகுமா?

முதல் நாள் பிரஷைக் கடைவாய்ப் பக்கம் கொண்டுபோனார். சீமாட்டி கடிக்கவில்லை, உறுமவும் இல்லை. தலையைத் திருப்பி வாயை இறுக மூடிக்கொண்டு, 'உனக்கு இதெல்லாம் எதுக்கு' என்பது மாதிரி பார்த்தது. இரண்டாம் நாளும் அதே பார்வை. மூன்றாம் நாள் பாலிஷ் சார் ஒரு கண்டுபிடிப்பு செய்தார். பிஸ்கட்டைக் காட்டி மேலுதட்டை லேசாகத் தூக்கினால் முன்பற்கள் மட்டும் வெளியே வரும். அதைத் தேய்த்தால் நாய் ஆட்சேபிக்காது. ஒரு வாரத்தில் உதட்டைத் தூக்குகிற வேலையும் மிச்சமானது. "சீமாட்டி, ஈ காட்டு!" என்றால் போதும், அதுவே பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். தேய்ப்பதற்கு முப்பது நொடி. பிறகு பிஸ்கட். நாய்க்கும் திருப்தி, அவருக்கும் திருப்தி.

அதற்கப்புறம் அந்த வீட்டுக்குப் போனவர்கள் யாரும் அந்தக் காட்சியைப் பார்க்காமல் தப்பியதில்லை. மனைவியின் தம்பி வந்தால் உட்காரக்கூட விடமாட்டார்.

"மச்சான், இங்க பாருங்க. சீமாட்டி, ஈ காட்டு! பாத்தீங்களா? எட்டு வயசு நாயின்னு யாராவது சொல்லுவாங்களா?"

"அடேங்கப்பா! எனக்கே இப்படி இல்லையே மாமா."

"விஷயம் என்னன்னா, சாப்பிட்டதும் பல்லு மேல ஒரு படலம் படியும். மெத்துன்னு இருக்கும்போதே தேய்ச்சா போயிடும். ரெண்டு மூணு நாள் விட்டா எச்சில்ல இருக்குற உப்பெல்லாம் சேந்து இறுகி, காரையாயிடும். அப்புறம் பிரஷுக்கு மசியாது, டாக்டர்தான் சுரண்டணும். அதனாலதான் தினமும்ங்கறது. நம்ம பற்பசையை மட்டும் போட்டுடாதீங்க, அது நாய்க்கு ஆகாது."

அத்தனையும் சரி! ஓர் எழுத்து தப்பில்லை. முகப்புக்காரருக்கு விஷயம் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அவர்களுக்குத்தான் எல்லாம் தெரியும்.

"பின்னாடி பல்லு, மாமா?" என்று மச்சான் கேட்டார்.

"அது மெல்லும்போதே தானா சுத்தமாயிடும் மச்சான்."

இதை அவருக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது, வந்தது நன்றாக இருந்தது, அன்றிலிருந்து அவரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிறுதோறும் மகள் வீடியோவில் வருவாள். சீமாட்டி ஈ காட்டும். "என் தங்கமே! சூப்பர்ப்பா நீங்க!" என்று அவள் அங்கே துள்ளுவாள். அந்த ஒரு "சூப்பர்ப்பா"வை வைத்துக்கொண்டு இவர் அடுத்த ஞாயிறு வரைக்கும் ஓட்டுவார். ஒருதடவை அவள், "கடைவாய்ப் பல்லும் தேய்க்கிறீங்கதானே?" என்று கேட்டுவிட்டாள்.

"இதையெல்லாம் கேக்கணுமா?" என்றார்.

கவனித்தீர்களா? முகப்புக்காரர் பொய் சொல்லமாட்டார். கேள்வி கேட்பார்.

அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. நாளெல்லாம் பொடி எழுத்தைப் படித்துப் படித்து, எதையும் கிட்டத்தில் பார்க்கிற பழக்கம் உள்ளவர். அவருடைய மூக்குதான் முதலில் விழித்தது.

"என்னங்க, இது மூச்சு விட்டா ஒரு மாதிரி நாத்தம் அடிக்குது."

"நாய் வாய்ல பின்ன ரோஜாப்பூவா மணக்கும்?"

ஏழாவது மாதம் சீமாட்டி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தயங்க ஆரம்பித்தது. ஒரு உருண்டைத் தீனியை எடுக்கும். தலையைச் சாய்த்து ஒரு பக்கமாக ஒதுக்கும். 'டொக்' என்று கீழே போடும். மனைவி வெந்நீரில் ஊறவைத்துக் கொடுத்தார். நக்கி நக்கிச் சாப்பிட்டது. பாலிஷ் சாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இப்படி ஊறவெச்சு ஊட்டுனா அது எப்படிக் கடிச்சுத் தின்னும்? செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்க. ரெண்டு நாள் பட்டினி போட்டா தானா வழிக்கு வரும்." சொல்லிவிட்டு, தன் பிஸ்கட்டைக் காப்பியில் முக்கி, அது கூழாகிற வரைக்கும் காத்திருந்து வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை தட்டில் காய்ந்த தீனியை மட்டும் போட்டுவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சீமாட்டி தட்டைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. பசி. என்ன செய்தால் இந்த மனிதர் மனம் இளகும்? அதற்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். யாரும் கேட்காமலேயே உதட்டைத் தூக்கி, ஈ என்று காட்டியது. அவர் சிரித்துவிட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்துப் போட்டார். கவ்விய வேகத்தில் 'கீச்' என்று ஒரு சத்தம் போட்டு அதைக் கீழே விட்டது. பாவம், அப்போதும் இளித்துக்கொண்டே நின்றது.

சமையலறை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, ஆணியில் தொங்கிய சங்கிலியை எடுத்தார்.

"நான் டாக்டர்கிட்ட போறேன். வர்றதா இருந்தா வாங்க."

வராமல் இருப்பாரா? காலர் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, பாராட்டு வாங்குகிற இடத்தில் கையில் ஆதாரம் வேண்டுமே என்று பிரஷையும் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கிளம்பினார். காத்திருக்கும் இடத்தில் பூனைக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவருக்குப் படலம், காரை, உப்பு எல்லாவற்றையும் விளக்கி முடித்த நேரத்தில் உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். நாயை மேசை மேல் ஏற்றினார். "வீட்ல பல்லு தேய்க்கிறீங்களா?"

"ஏழு மாசம் டாக்டர். ஒருநாள் தவறினதில்ல." இதுவும் சத்தியம். "சீமாட்டி, ஈ காட்டு!"

"அடடா, என்ன அழகு!" என்றார் டாக்டர். பாலிஷ் சார் திரும்பி மனைவியைப் பார்த்தார். பார்த்தியா என்கிற பார்வை. அவர் பார்வையைத் திருப்புவதற்குள் டாக்டரம்மா கட்டைவிரலை நாயின் கன்னத்துக்குள் விட்டு, உதட்டை அப்படியே காது வரைக்கும் ஒதுக்கினார்.

டாக்டரம்மா விளக்கைக் கிட்டே இழுத்துவைத்தார்.

"சார், இப்படி வாங்க. கிட்ட வந்து பாருங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் அலமாரியைத் திருப்பிவிட்டார். கடைவாய்ப் பற்கள் பல் மாதிரியே இல்லை. பழைய குழாயின் வாயில் உப்புப் பிடித்தது போல மஞ்சளும் பழுப்புமாகக் காரை கெட்டித்துக் கிடந்தது. அதன் ஓரத்தில் ஈறு சிவந்து வீங்கி, தொட்டால் ரத்தம் கசிந்தது.

"மெல்லும்போதே தானா சுத்தமாயிடும்னு..." என்று ஆரம்பித்தார்.

"யார் சார் சொன்னா?"

யார் என்று சொல்வார்?

"இந்தக் கன்னத்துப் பக்கம்தான் எச்சில் வந்து இறங்குது. காரை முதல்ல பிடிக்கிறதே இங்கதான். நீங்க தேய்ச்ச பல்லுல அவ்வளவா பிடிக்காது. மயக்கம் குடுத்துதான் சுத்தம் பண்ணணும். மூணு பல்லு ஆடுது, எடுத்தாகணும். இதுக்கு ரொம்ப நாளா வலிச்சிருக்கும் சார். நாய் வாய்விட்டு அழாது."

மனைவி, "நான் அப்பவே சொல்லல?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பாலிஷ் சார் சண்டை போட்டாவது தப்பித்திருப்பார். மனைவி கேட்கவில்லை. நாயின் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பட்டினி போடச் சொன்ன பாலிஷ் சார், சட்டைப்பையில் எட்டிப்பார்த்த பிரஷை உள்ளே தள்ளிக்கொண்டார்.

மூன்று பல்லையும் எடுத்தார்கள். சீமாட்டி நல்லபடியாகப் பிழைத்து எழுந்தது. டாக்டரம்மா விரலில் ஈரத் துணியைச் சுற்றிக் கன்னத்துக்குள் விட்டுத் தேய்க்கக் கற்றுக்கொடுத்தார். ஈறு ஆறியதும் பாலிஷ் சார் அப்படியே செய்தார். உதட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுப் பழக்கினால் நாய் காட்டத்தான் செய்கிறது; மொத்தம் இரண்டு நிமிஷம். இவ்வளவுதானா என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனால் ஞாயிறன்று மகள் வீடியோவில் வந்தபோது, "ஒண்ணுமில்லடா, சும்மா ஒரு செக்கப் போனோம். சீமாட்டி, ஈ காட்டு!" என்றுதான் சொன்னார். பழக்கம் லேசில் போகுமா?

"அடுத்த வாரம் அவ நேர்ல வர்றா" என்று மட்டும் மனைவி சொன்னார்.

வந்தாள். பையைப் போட்ட வேகத்தில் தரையில் மண்டியிட்டு நாயை இழுத்து அணைத்துக்கொண்டாள். சீமாட்டி சந்தோஷத்தில் ஒன்றுக்கு நாலு தடவை ஈ காட்டியது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. கட்டைவிரலைக் கன்னத்துக்குள் விட்டு உதட்டை ஒதுக்கினாள். மூன்று பல் இருந்த இடத்தில் வெறும் ஈறு.

"அப்பா?"

ஒரு வாரமாக அவர் எத்தனையோ பதில் தயார் பண்ணிவைத்திருந்தார். எல்லாமே கேள்விக்குறியில் முடிகிற பதில்கள். அத்தனையையும் விட்டுவிட்டார்.

"இல்லம்மா" என்றார். "முன்னாடி மட்டும்தான் தேய்ச்சேன். தினமும் முன்னாடி மட்டும்தான். வலியில சாப்பிடாம இருந்துது, அதையும் நான் திட்டினேன்." கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. அந்த மனிதர் தன் வாழ்நாளில் பாலிஷ் போடாமல் வெளியே விட்ட முதல் பேச்சு அதுதான்.

மகள் நாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்பாவைத் திட்ட வேண்டும், திட்டினால் அழுதுவிடுவார். மனைவி மூன்று காப்பி கொண்டுவந்து வைத்தார். பாலிஷ் சார் ஏதாவது செய்தாக வேண்டுமே என்று ஒரு பிஸ்கட்டை எடுத்து, காப்பியில் முக்கி, அது கூழாகிற வரைக்கும் காத்திருந்தார். மகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். சீமாட்டி மாதிரியே தட்டின் முன்னால் தயங்குகிற அவரை அவள் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளாப்பா இப்படி ஊறவெச்சு சாப்பிடுறீங்க?"

"அது ஒரு ருசிம்மா."

"வாயைத் திறங்க."

"எதுக்குடா இப்ப?"

"திறங்கப்பா."

பாலிஷ் சார் மகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். சீமாட்டியைப் பார்த்தார். பிறகு, வேறு வழியில்லாமல், உதட்டை மட்டும் தூக்கி ஈ என்று காட்டினார்.

சிரிக்கிறீர்கள். நல்லது, உங்கள் முன்பல் பளிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் டாக்டரம்மா அந்த உதட்டை ஒதுக்கிய இடம் வந்ததே, அப்போது உங்கள் நாக்கு சத்தம் போடாமல் நகர்ந்து போய்க் கடைசிக் கடைவாய்ப் பல்லைத் தடவிப் பார்த்துவிட்டு வந்ததா, இல்லையா? சாத்தின படுக்கையறைக் கதவை நான் தட்டவில்லை. சட்டையின் முதுகுப்பக்கத்தையும் பார்க்கவில்லை. பின்பக்கமும் தினமும் தேய்க்கிறீர்களா என்று மட்டும்தான் கேட்கிறேன்.

என்ன சொன்னீர்கள்? இதையெல்லாம் கேட்க வேண்டுமா என்றா?