கடனை அடைத்தவன் கப்பலேறவில்லை

பினாங்கு,
விபவ வருடம், ஆவணி மாதம் 14-ந் தேதி,
புதன்கிழமை காலை.

மகா கனம் பொருந்திய மைத்துனர் அய்யாக்கண்ணு கங்காணியார் அவர்களுக்கு, தங்கள் தங்கை ருக்குமணியைக் கைப்பிடித்த பிச்சைமுத்து வணங்கி எழுதிக்கொண்டது. சுங்கை பாக்காப் தோட்டத்தில் தாங்களும் பிள்ளைகளும் சினைப்பசுவும் சுகம் என்று நம்புகிறேன். இவ்விடம் யாவரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் ருக்குமணி கோபித்துக்கொண்டு தங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட பிறகு, இவ்விடம் 'யாவரும்' என்று சொல்லிக்கொள்ள நான் ஒருத்தன்தான் மிச்சம். என் சுகம் எப்படி என்பதைத்தான் கீழே விவரமாக எழுதுகிறேன்.

தாங்கள் நேற்று அடித்த தந்தி கிடைத்தது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி தங்கள் கோபத்தை இங்கிலீஷில் பெயர்த்தபோது கைப்பழக்கத்தில் கொஞ்சம் மரியாதையைக் கலந்துவிட்டார் போலிருக்கிறது. "கப்பலேற வேண்டாம். ஏறினால் கால் முறிக்கப்படும். என்றும் தங்கள் அன்புள்ள அய்யாக்கண்ணு" என்று பொருள்படும்படி வந்து சேர்ந்தது. மச்சான், என் கால் இரண்டும் பினாங்கு மண்ணில்தான் நிற்கின்றன. நான் எந்தக் கப்பலிலும் ஏறவில்லை, ஏற நினைக்கவும் இல்லை. நான் செய்த ஒரே குற்றம் கடனை அடைத்தது. அதுவும் தங்கள் தங்கை சொல்லித்தான். நடந்ததை முழுக்கப் படித்துவிட்டு, அதற்குப் பிறகும் காலை முறிப்பதானால் முறிக்கலாம்.

ருக்குமணி எதற்காகக் கிளம்பி வந்தாள் என்று தங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். புருஷனை விட்டுக்கொடுக்கிறவள் இல்லை அவள். எனக்குக் குடோனில் கிராணி உத்தியோகம், மாதம் பிறந்தால் சம்பளம், அந்தச் சம்பளத்தை நம்பித் தெருவில் இருக்கிற அத்தனை கடையிலும் பற்று. துணிக்கடைக்காரர் பாக்கி கேட்டு வாசலுக்கு வந்தால் நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். ருக்குமணி கதவைப் பாதி திறந்து, "அவங்க வீட்ல இல்லீங்களே" என்பாள். ஒரு நாள் நான் மூட்டைக்குப் பின்னாலிருந்து தும்மித் தொலைத்துவிட்டேன். துணிக்கடைக்காரர் நல்ல மனுஷர். "பூனைக்குச் சளி பிடிச்சிருக்கு போலம்மா, கஷாயம் வச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டுச் சத்தம் போடாமல் போய்விட்டார். அவர் நாலு பேர் கேட்கக் கத்தியிருந்தால்கூட ருக்குமணி தாங்கியிருப்பாள். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. "இனிமே வாசல்ல நின்னு உங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டேன். புத்தியுள்ள மனுஷர் யாரையாவது போய்ப் பாருங்க. யோசனை கேட்டு இந்தக் கடனுக்கு ஒரு வழி பண்ணுங்க. அப்புறந்தான் வருவேன்" என்று சொல்லித் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கரையில் இருக்கும் பாகானுக்கு ஃபெரி ஏறிவிட்டாள்.

புத்தியுள்ள மனுஷருக்கு நான் எங்கே போவேன்? எங்கள் ஆபீசில் பெரிய கிராணி ஜெயராஜ் இருக்கிறார். மூக்குக்கண்ணாடி போடுகிறவர், துரையோடு நின்றுகொண்டு பேசக்கூடியவர். அவரைக் காப்பிக்கடைக்கு அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னேன். என் செலவில் இரண்டு காப்பி குடித்து முடித்து, "பத்து வாசல்ல பத்து நாய் குரைச்சா எப்படித் தூங்குவே? ஒரே ஒரு பெரிய நாயா வாங்கிக் கட்டிப்புடு. செட்டியார்கிட்ட மொத்தமா ஒரு தொகை வாங்கு. சில்லறைக் கடனையெல்லாம் ஒரே நாள்ல அடை. அப்புறம் மாசாமாசம் செட்டியாருக்கு மட்டும் கட்டு" என்றார். எனக்குக் கண் திறந்த மாதிரி இருந்தது. அங்கேயே உட்கார்ந்து யார் யாருக்கு எவ்வளவு என்று அவர் கையாலேயே எழுதிக் கொடுத்தார். முதல் பெயர் ஜெயராஜ், ஐந்து வெள்ளி. போன தைப்பூசத்துக்கு வாங்கியதை நான் மறந்தே போயிருந்தேன்.

மெய்யநாதன் செட்டியாரின் வட்டிக்கடைக் கிட்டங்கியில், அவர் கணக்கு மேசையான பெட்டியடிக்கு முன்னால் நாங்கள் இருவரும் பாயில் உட்கார்ந்தோம். செட்டியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "ஜாமீன் யாரு?" என்றார். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரரான ஜெயராஜ் அந்த நிமிஷத்திலிருந்து சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தை மிகுந்த பக்தியோடு பார்க்கத் தொடங்கினார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் பூலோகத்துக்கு வந்தார். ஆனாலும் அவரைக் குறை சொல்லக் கூடாது, மச்சான். வியர்த்துக்கொண்டே என்றாலும் கையெழுத்துப் போட்டார். செட்டியார் முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியை எண்ணிக் கொடுத்தார்.

சனிக்கிழமை அரைநாள் லீவு. சலவைச் சட்டை போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, தலை நிமிர்ந்து தெருவில் இறங்கினேன். துணிக்கடைக்காரர் பணத்தை இரண்டு தரம் எண்ணினார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "எந்தக் கப்பலு?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. பால்காரரும் அதையேதான் கேட்டார். முடிவெட்டுகிறவர் பணத்தை வாங்கிக்கொண்டு, "ஊர்ல தலை காட்டப் போறீங்க, இப்படியா போறது?" என்று இலவசமாக முடிவெட்டிவிட்டார். மளிகைக்கடை இஸ்மாயில் ராவுத்தர்தான் பணத்தைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். "முழுசா முடிக்கிறீங்களா தம்பி? நான் என்ன தப்புப் பண்ணேன்? கணக்குல ஒரு காசாச்சும் நிக்கணும். நின்னாத்தானே நாளைக்கும் இந்தப் படி ஏறுவீங்க?" என்று மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதுவிட்டேன். அங்கேதான் தப்பு நடந்தது. கடைக்கு வந்திருந்த எங்கள் பக்கத்து வீட்டு வள்ளியம்மாக்கா அதைப் பார்த்துவிட்டார்.

இந்தப் பினாங்கில் ஒருத்தன் எல்லாக் கடையிலும் ஒரே நாளில் கணக்கை முடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. அடுத்த நாகப்பட்டினம் கப்பலில் அவன் போகிறான். அதோடு என் வீட்டில் சாட்சியம் வேறு தயாராக இருந்தது. பெண்டாட்டி பெட்டியோடு முன்னாலேயே போயாயிற்று, சாயங்காலம் விளக்கு எரிவதில்லை, அடுப்புப் புகை இல்லை. "நான் எங்கேயும் போகலக்கா" என்று வள்ளியம்மாக்காவிடம் தலையில் அடித்துச் சொன்னேன். "சொல்லிக்காமப் போறவங்க அப்படித்தானப்பா சொல்லுவாங்க" என்று பரிதாபமாக என் முதுகைத் தடவிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில், மாயவரத்தில் இருக்கும் தங்கைக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு ஜாடி ஜாதிக்காய் ஊறுகாயைக் கொண்டுவந்து வைத்தார். அவருக்குப் பின்னால் தெருவே வந்தது. சீனப் பட்டு, குடை, பிஸ்கட் டின், மாமியாருக்கு மூட்டுவலித் தைலம், ஒரு பிரம்பு நாற்காலி. நாற்காலியைத் திருவாரூர் வரை கொண்டுபோய்விட்டால் போதுமாம், அங்கிருந்து ஆள் வருமாம். வேண்டாம் என்று சொன்னால் "பாரம் ஜாஸ்தியா?" என்று கேட்டு வேறு சின்ன மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். நான் சோறு தின்றுகொண்டிருக்கும்போது வீட்டுச் சொந்தக்காரரான சீனத் தவுக்கே புதுக் குடித்தனக்காரனோடு உள்ளே வந்து, "பிலா பெர்கி?" என்று மலாயில், எப்போது போகிறாய் என்று கேட்டார். புது ஆள் என் இலைக்கு மேலாகக் கையை நீட்டிச் சுவரைத் தட்டிப் பார்த்தான். வள்ளியம்மாக்காவின் மருமகன் அன்றைக்குத்தான் சுங்கை பாக்காப்புக்கு வந்தான். தங்களுக்குச் சேதி சொன்னவன் அவனாகத்தான் இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை சாயங்காலம் ரிக்‌ஷாவில் மெய்யநாதன் செட்டியார் வந்து இறங்கினார். கூடவே கோர்ட்டுச் சேவகன் ஒருவன். அவர்களுக்குப் பின்னால் நடந்து வந்த ஜெயராஜின் முகத்தில் ரத்தமே இல்லை. செட்டியார் உள்ளே எட்டிப் பார்த்தார். கூரை தொடுகிற மாதிரி மூட்டை, மேலே பிரம்பு நாற்காலி. "முருகா! சில்லறைக்காரனுக்கெல்லாம் குடுத்துட்டு என்னை மட்டும் நட்டாத்துல விட்டுட்டுக் கெளம்பிட்டியே தம்பி! கடன்காரன் கப்பலேறாமத் தடுக்கக் கோர்ட்டு இருக்கு, தெரியுமில்ல?" என்றார். விஷயம் கோர்ட்டுக்குப் போய்த் துரை காதில் விழுந்தால் என் உத்தியோகம் போய்விடும். நான் அவர் காலடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு மூட்டையாக எடுத்து யாருடையது, எந்த ஊருக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஐந்தாவதோ ஆறாவதோ மூட்டையில் 'தேவகோட்டை' என்று எழுதியிருந்தது. அது அவர் கிட்டங்கிச் சமையல்காரர் தன் சம்சாரத்துக்குக் கொடுத்தது. செட்டியார் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார். சேவகனும் சிரித்தான். ஜெயராஜ் மட்டும் சிரிக்காமல் பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

சிரித்து முடித்துச் செட்டியார், "சம்சாரம் எங்க?" என்று கேட்டார். சொன்னேன். "யோசனைய ஆபீசுல போய்க் கேக்கக் கூடாது தம்பி, வீட்ல என்ன சொல்றாங்கன்னு கேக்கணும். சம்பளத்தன்னைக்கு ஆபீசுலேருந்து நேரா எங்கிட்ட வா, அப்புறம் வீட்டுக்குப் போ. அது ஒண்ணு. இன்னொண்ணு, வெள்ளிக்கிழமை கப்பல் போறதுக்குள்ள உன் சம்சாரத்தைக் கூட்டியாந்து காட்டு. அந்தப் பொண்ணு இங்க இருந்தா நீயும் இருப்பே. இல்லேன்னா நான் கோர்ட்டுக்குத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டு, சமையல்காரர் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷா ஏறினார்.

ஆகையால் மச்சான், வெள்ளிக்கிழமைக்குள் ருக்குமணியை அனுப்பி வைத்து என் உத்தியோகத்தைக் காப்பாற்ற வேண்டியது. இந்த வரியை எழுதிவிட்டு, அடித்துவிடலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். செட்டியாருக்குக் காட்டுவதற்காக அவள் வர வேண்டாம். கோர்ட்டு வந்தால் வரட்டும். அவள் இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் எழுந்து இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டு ஒருத்தனாய்த் தின்கிறேன். அவளுக்கு என்னைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் வரட்டும். அவள் வைத்த நிபந்தனையை நான் நிறைவேற்றிவிட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள். இன்றைய தேதியில் பினாங்கில் எந்தக் கடையிலும் என் பேரில் ஒரு காசு பற்று இல்லை. ராவுத்தர் பணத்தைக்கூட அவர் மகன் கையில் திணித்துவிட்டு வந்தேன். தாங்கள் எனக்கு ஒரு காசும் அனுப்ப வேண்டாம். அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

தங்கள் பசு நல்லபடியாகக் கன்று ஈனவும், தோட்டத்து ரப்பர் மரங்கள் குறைவில்லாமல் பால் சொரியவும், தங்களுக்கு என் மேலுள்ள கோபம் தந்தியோடு தீரவும் தண்ணீர்மலை முருகனை வேண்டிக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு முத்தம்.

தங்கள் கீழ்ப்படிந்த,
பிச்சைமுத்து.

பின்குறிப்பு: புதன்கிழமை இரவு. சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து, மேலே எழுதியதை ஒட்டி வைக்கக் கோந்து தேடிக்கொண்டிருந்தபோது ருக்குமணி வாசலில் வந்து நின்றாள். தங்களிடம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாளாம், மன்னிக்கவும். கப்பல் வெள்ளிக்கிழமைதான் என்று அவளுக்குத் தெரியாததால் நேராகத் துறைமுகத்துக்குப் போய், டிக்கெட் கொடுக்கும் இடத்தில் வருகிற போகிற முகத்தையெல்லாம் வெயிலில் நின்று பார்த்திருக்கிறாள். "நான் அங்கே இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பே?" என்று கேட்டேன். "பொட்டிய எதுக்குத் தூக்கிட்டு வந்தேன்னு நெனைக்கிறீங்க?" என்றாள். நான் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தேன்.

நடந்ததைச் சொன்னேன். உட்காரக்கூட இல்லை, கூடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். ராவுத்தர் கடையில் எண்ணெய், பருப்பு, புளி. "எழுதிக்கோங்க ராவுத்தரே" என்றாளாம். அவர் மறுபடியும் அழுதாராம். பால்காரரிடம் நாளையிலிருந்து அரைப்படி. துணிக்கடையில் தீபாவளிக்கு என்று இப்போதே ரவிக்கைத் துணி. சீனன் கடையில் ஒரு பெரிய ஊறுகாய் ஜாடி, அது நிறைய எலுமிச்சம்பழம். "ஊறுறதுக்கு மூணு மாசம் ஆவும்" என்று கடை கடையாகச் சொல்லிக்கொண்டு வந்தாளாம். எல்லாம் கடன், எல்லாம் என் பேரில். ஆகையால் எந்தக் கடையிலும் பற்று இல்லை என்று மேலே எழுதிய வரியைத் தாங்கள் தயவுசெய்து அடித்துவிடவும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ஜனங்கள் வந்து அவரவர் மூட்டையை வெட்கப்பட்டுக்கொண்டு தூக்கிப் போய்விட்டார்கள். புதுக் குடித்தனக்காரன் தவுக்கேயிடம் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டிருக்கிறான். செட்டியார் தன் சமையல்காரர் மூலமாக எனக்குச் சேதி அனுப்பினார்: காட்ட வேண்டியதில்லை, தெருவே சொல்லிவிட்டது, சம்பளத்தன்று மட்டும் மறக்க வேண்டாம். பிரம்பு நாற்காலிக்காரர் மட்டும் இன்னும் வரவில்லை. நான் அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

சற்று முன் யாரோ கதவைத் தட்டினார்கள். துணிக்கடைக்காரரின் குரல். பழக்க தோஷம், நான் எழுந்து அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்விட்டேன். ருக்குமணி கதவை முழுக்கத் திறந்தாள். அவர் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே, தெருவுக்கெல்லாம் கேட்கும்படி, "இருக்காங்க. வீட்லதான் இருக்காங்க. உள்ள வாங்க" என்றாள்.