இன்டெகிரேஸும் வீட்டோடு மாப்பிள்ளையும்

பெண் பார்க்கும் சபையில் தாய்மாமனுக்கு முன்வரிசையில் நாற்காலி போடுவார்கள். மைக்கும் சேர்த்துக் கொடுத்ததாக அவன் நினைத்துக்கொள்வதுதான் ஆபத்து.

என் அக்காவின் ஒரே மகள் சங்கீதா. ஓசூரில் எச்.ஐ.வி. மாத்திரை தயாரிக்கும் கம்பெனியில் ஆய்வக வேலை. பக்கத்துக் கம்பெனி கார்த்தியை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. அத்தான் காலமானபின் அக்கா தனியாக இருப்பதால், கல்யாணத்துக்குப் பிறகு கார்த்தி இந்த வீட்டிலேயே தங்குவதாகப் பேச்சு. அந்தக் கூச்சத்தில் அவன் அப்பா சாமல்பட்டியிலிருந்தே தலையைக் குனிந்துகொண்டு வந்திருந்தார்.

"பாப்பா கம்பெனில என்ன பண்ணுதுங்க?" என்றார்.

"மாத்திரை கம்பெனிங்க," என்றாள் அக்கா.

அதோடு முடிந்திருக்க வேண்டும். (என்னைப் போல் கவிதை எழுதுகிறவனுக்கு ஏது முற்றுப்புள்ளி?) வெளியே ஷிப்ட் பஸ்கள் மூன்று மொழிகளில் ஆட்களை உதிர்த்துக்கொண்டிருந்தன. எனக்குள்ளும் ஏதோ ஸ்டார்ட் ஆகிவிட்டது.

"எச்.ஐ.வி. வைரஸு வெறுங்கையா வராதுங்கண்ணா. இன்டெகிரேஸுன்னு ஒரு நொதியக் கூட்டிட்டு வரும். அது வைரஸ் டி.என்.ஏ. நுனியச் சீவும். நம்ம குரோமோசோம வெட்டும். வெட்டுன எடத்துல வைரஸ் டி.என்.ஏ.வக் கோத்துரும். மிச்சக் கிழிசல நம்ம செல்லே தைச்சும் குடுக்கும்! அப்புறம் செல்லு ரெண்டாகறப்பெல்லாம் அதுவும் ரெண்டாகும். பிரிக்கவே முடியாது. அந்த நொதியத் தடுக்கறதுதான் நம்ம பொண்ணு செய்யற மாத்திரை."

"ஒண்ணும் புரியலீங்க தம்பி."

"ரொம்ப சுலபம்ங்கண்ணா. வீட்டோட மாப்பிள்ளை மாதிரி! ஒருதரம் உள்ள பூந்துட்டா..."

காராபூந்தி மென்ற வாய்கள் நின்றன. அக்கா என் தொடையைக் கிள்ளினாள். (தாமதம். சதை மட்டும் போனது.)

கார்த்தியின் அப்பா நிதானமாக எழுந்தார். "எம் மவன் வைரசு. அவன ஒழிக்கற மாத்திரைய உங்க பொண்ணே செய்யுது. நல்லாருக்குதுங்க."

சங்கீதா கார்த்தியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தாள். அவன் வாசலில் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தான். உலகத்தில் அவ்வளவு நீளமான செருப்பு வார் கிடையாது.

இன்று எங்கள் சொந்தத்தில் எங்கே பெண் பார்த்தாலும் முதல் கேள்வி, "இன்டெகிரேஸ் மாமாவ அவரு ஊருக்கு, தேன்கனிக்கோட்டை பஸ்ல ஏத்தியாச்சா?" கார்த்தி இப்போது பெங்களூரில் வேறொரு வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளை. அதையும் சேர்த்துச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்துத் தொலைப்பேன்.

சங்கீதா மட்டும் சிரிப்பதில்லை. அவள் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் போனால் தட்டு வைத்து, "சாப்பிடுங்க மாமா" என்பாள். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. வாயை மூடு என்பதை இத்தனை மரியாதையாக வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை.