நேபாளம் போக எடுத்து வைத்த ஆர்.சி. கார்டுகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன். சாமி சம்பந்தப்பட்ட விஷயம். சிரிக்கிற மாதிரி எழுதினால் குற்றமாகிவிடுமோ என்று பயம். நான் பத்தாவதோடு நின்றவன், நீலகிரியில் கட்டபெட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் இருந்த பிழை முழுக்க என்னுடையது.

என் மனைவியின் அண்ணன் துரைசாமி மச்சான். அவர் சம்சாரம் சரசு அக்காவுக்கு உடம்பு ரொம்ப முடியாமல் போய், ஒரு வருடம் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அலைந்தார்கள். மச்சான்தான் தன் பைக்கில் மலை இறக்கிக் கூட்டிப் போவார், ஏற்றிக் கூட்டி வருவார். அக்கா பிழைத்து எழுந்ததும், அதே பைக்கிலேயே நேபாளத்துக்குப் போய் முக்திநாத் பெருமாளைச் சேவிப்பதாக நேர்ந்துகொண்டார். துணைக்கு நான், என் பைக்கில். இரண்டு பேரும் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மாதம் லீவு வாங்கினோம்.

"பேப்பர் வேலையெல்லாம் எங்கிட்ட விடுங்க மச்சான்" என்றேன். (எங்கள் வீட்டில் கேஸ் புத்தகம் எங்கே இருக்கிறது என்பதுகூட என் மனைவிக்குத்தான் தெரியும்.)

ஏற்கெனவே போய் வந்த கோத்தகிரி வேன் டிரைவர் ஒருவர் விவரம் சொன்னார். எல்லையில் இருக்கிற கஸ்டம்ஸ் ஆபீஸில் ஆர்.சி.யும் லைசென்ஸும் காட்டிச் சீட்டு வாங்கினால்தான் வண்டியை உள்ளே விடுவார்களாம். நம்ம ஊர் போலீஸுக்குப் போனில் காட்டினால் போதும். அங்கே அசல் கார்டு இல்லாமல் போகவே வேண்டாம் என்றார். நான் இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட், வாக்காளர் அட்டை எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து, பனி படாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃபைல் பண்ணினேன். எந்தக் கல்யாணத்துக்கும் அவ்வளவு ஏற்பாடு செய்ததில்லை (என் கல்யாணத்தையும் சேர்த்துத்தான்).

கிளம்ப மூன்று நாள் இருந்தது. கல்யாணப் பத்திரிகையைச் சாமி பாதத்தில் வைத்து எடுப்பதுபோல் கார்டுகளையும் வைத்து எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு ஆர்.சி., இரண்டு லைசென்ஸ், நான்கையும் புது மஞ்சள் துணியில் முடிந்தேன். வழித்துணைக்குக் காணிக்கைக் காசை இன்னொரு மஞ்சள் துணியில் முடிந்தேன். எஸ்டேட் முருகன் கோயிலில் பூசாரி இரண்டையும் பாதத்தில் வைத்து, விபூதியோடு என் கையில் கொடுத்தார். நான் கண்ணை மூடி மனம் உருகி வேண்டிக்கொண்டு, ஒரு முடிச்சை உண்டியலில் போட்டேன். காசு விழுகிற சத்தம் கேட்கவில்லை. அதையும் நல்ல சகுனம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மச்சானும் அக்காவும் வந்தார்கள். கார்டைக் காட்டு என்றார் மச்சான். பெருமையாக முடிச்சை நீட்டினேன். அவிழ்த்தார். காசு உருண்டது.

"ஏனுங்க, கார்டு எங்கீங்க?" என்றாள் என் மனைவி. நான் கோயில் இருக்கிற திசையைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

கோயில் கமிட்டித் தலைவர் வீட்டுக்கு ஓடினோம். உண்டியலில் விழுந்தது சாமிக்குச் சேர்ந்தது, பங்குனி உத்திரத்துக்கு முன்னால் திறக்கிற வழக்கமே இல்லை என்று சொல்லிவிட்டார். பங்குனிக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. காணாமல் போனதாக எழுதிக் கொடுத்தால் புதுக் கார்டுக்கு வழி உண்டு என்று யாரோ சொல்ல, மறுநாள் காலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம்.

"எங்க தொலைச்சீங்க?" என்றார் ஏட்டு.

"தொலையலைங்க சார். முருகன்கிட்ட இருக்குதுங்க."

அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு பொறுமையாக, காணாமல் போனது என்று ஒரு வார்த்தை எழுதச் சொன்னார். என் கை வரவில்லை. சாமியிடம் இருப்பதை எப்படிக் காணோம் என்று எழுதுவது? மச்சான் பேனாவை வாங்கினார். பேப்பர் வரைக்கும் கொண்டுபோனார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார். "பொய் எழுதி வாங்கின கார்டை வெச்சுப் பெருமாளைப் பாக்கப் போறதா? வா மாப்பிள்ளை" என்று எழுந்தார்.

வீட்டில் என் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் திட்டியதை எழுதினால் பக்கம் போதாது. நேர்த்திக்கடன் நின்றுபோச்சே என்று மச்சான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் சரசு அக்கா வாயைத் திறந்தார்.

"அவரைத் திட்டாதே. நானும் அந்த முருகன்கிட்டதான் வேண்டிக்கிட்டேன், இவரு பைக்குல அத்தனை தூரம் போகக் கூடாதுன்னு. இத்தனை நாள் ஆஸ்பத்திரியில கெடந்து நான் பொழச்சு வந்தது, ஊட்டுல தனியா ஒக்காந்து போனைப் பாத்துட்டு இருக்கவா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சரசு" என்றார் மச்சான்.

"சொன்னா நீங்க கேப்பீங்களா? அதான் கேக்கறவர்கிட்ட சொன்னேன்."

மச்சான் கண் கலங்கியதை மறைக்கத் துண்டை எடுத்தார். (நானும்தான் அழுதேன். என் அழுகையை யாரும் கவனிக்கவில்லை.)

பங்குனி உத்திரத்தில் உண்டியல் திறந்தபோது கார்டுகள் பத்திரமாக இருந்தன. அந்தச் சித்திரையில் மச்சான் அக்காவையும் கூட்டிக்கொண்டு ரயிலிலும் பஸ்ஸிலுமாக முக்திநாத் போய்ச் சேவித்து வந்தார். என்னைக் கூப்பிடவில்லை.

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் ரேஷன் கார்டோ ஆதாரோ கைக்கு அகப்படவில்லை என்றால், "கட்டபெட்டுக்காரரைக் கேளு, எந்த உண்டியல்னு சொல்லுவாரு" என்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நான் பைக் சாவியையும் போட்டுவிட்டேன், கோயிலில் பைக்கை ஏலம் விட்டார்கள் என்றெல்லாம் சேர்த்துச் சொல்கிறார்கள். அதெல்லாம் நடக்கவில்லை. படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். முக்கியமாக, அக்கா வேண்டிக்கொண்டதை விட்டுவிடாதீர்கள். அதை விட்டுவிட்டால் நான் வெறும் முட்டாளாகத்தான் தெரிவேன்.